உடைந்த கல்லுக்குப் பக்கத்துக் கல்

என் நாத்தனாருக்கு வேலை இடத்தில் வைத்த பட்டப்பெயர் ரசமட்டம். தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நீளக் கட்டை வைத்திருப்பார்கள். நடுவில் கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழி. தரை கொஞ்சம் சாய்ந்தாலும் குமிழி ஓடிவிடும். அவளும் அந்த ஜாதிதான். விருந்துக்குப் போன வீட்டில் மேசை ஆடினால், அதன் காலுக்கடியில் அட்டையை மடித்துச் செருகிவிட்டுத்தான் கை நனைப்பாள்.

அவளைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். திமிர் பிடித்தவள் என்கிறார்கள். அது பொய் இல்லை. ஆனால் அந்தக் குடியிருப்பில் தரை வெடித்த விஷயத்தை மட்டும் பாதியை முழுங்கிவிட்டுச் சொல்கிறார்கள். கூடவே நின்று கலவை கலக்கியவள் நான். முழுசாகச் சொல்கிறேன். எதையும் அழகுபடுத்தாமல் எழுதிக்கொள்.

அவள் சித்தாளாகத்தான் வேலைக்குப் போனாள். கலவைச் சட்டி சுமப்பது, தரையில் பதிக்கும் டைல்ஸ் கல்லை எடுத்துக் கொடுப்பது, தண்ணீர் தெளிப்பது. பெண் என்றால் சட்டி, ஆண் என்றால் கலவை பரப்பும் கரணை. அப்படித்தான் அப்போது. அவள் கரணையை எடுத்துப் பார்த்தால் மேஸ்திரி அதட்டுவார். "கீழ வைம்மா அதை. துடைப்பமா அது?"

வீட்டுக்கு வந்ததும் என் சமையலறை மூலையில் உட்கார்ந்துகொள்வாள். நான்கு கல்லைப் பதிப்பாள், இறுகுவதற்குள் பிடுங்குவாள், திரும்பவும் பதிப்பாள்.

"ஏம்மா, நான் எங்க நின்னு சமைக்கிறது?" என்பேன்.

"ஒத்தக் கால்ல நில்லுங்க அண்ணி. கரணை வேணும்னு நான் நிக்கலையா?"

ஒரு தடவை, கொத்தனார் ஒருவர் மேஸ்திரியோடு சண்டை போட்டுக்கொண்டு ஒரு குளியலறையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார். மறுநாள் பார்த்தால் தரை முடிந்து கிடந்தது. மேஸ்திரி குனிந்து விரல் முட்டியால் கல் கல்லாகத் தட்டினார். அடியில் கலவை நிறைந்திருந்தால் கல் கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். அடியில் காலியாக இருந்தால் பொக் என்று கேட்கும். அந்தத் தரையில் எங்கும் பொக் இல்லை.

"யாரு போட்டது?"

"யாருன்னு தெரிஞ்சா தரை இறங்கிடுமா?" என்றாள் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டே.

அன்றைக்கே வேலை போயிற்று. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒரு பழைய கரணையை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். அதற்குப் பிறகு சொந்தக் கோஷ்டி. யாரும் கரணை கொடுக்காத பெண்களாகப் பார்த்துச் சேர்த்தாள். கடைசியில் வந்து சேர்ந்தவர் எங்கள் வீட்டுக்காரர், அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். தங்கச்சிக்குக் கீழே வேலையா என்று கேட்டவர்களிடம் அவர் கூச்சமே படமாட்டார். "வீட்ல பொண்டாட்டிக்குக் கீழ, வெளியில தங்கச்சிக்குக் கீழ. எனக்கு ஏணியே தேவையில்லை" என்பார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் குடியிருப்பு வேலை வந்தது. ஆறு வரிசை, வரிசைக்கு எட்டு வீடு. எல்லாம் சுவரோடு சுவர் ஒட்டி, முதுகோடு முதுகு இடித்துக்கொண்டு நிற்கும் மாடியில்லாத வீடுகள். முன்னால் இருந்த நான்கு வரிசைக்கு நாங்கள் தரை போட்டோம். பின்னால் இருந்த இரண்டு வரிசை இன்னொரு கோஷ்டிக்கு. அதன் தலைவனைச் சுத்தியல் என்று கூப்பிடுவார்கள். கல்லைத் தட்டச் சொன்னால் குத்துகிற ஆள். கடைசி வரிசையையும் தாண்டிச் சூப்பர்வைசரின் ஆபீஸ் அறை. அந்த அறையின் கதவு சரியாக மூடாது. உள்ளே போய் ஒரு உதை விட்டால்தான் மூடும். உதைச் சத்தம் கேட்டால், அவர் உள்ளே போய்விட்டார், இனி டீ குடிக்கலாம் என்று எங்களுக்கு அர்த்தம்.

கல் இரண்டு நிறம். சாம்பல் நிறையவும் கறுப்பு கொஞ்சமும். கலந்து போட வேண்டும், ஒழுங்கு தெரியக்கூடாது என்பது வீடு கட்டுகிற கம்பெனியின் உத்தரவு. நாத்தனார் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். இரண்டு நிறத்தையும் கவிழ்த்துப் போட்டுக் கலைத்தாள். கவிழ்த்தால் எல்லாக் கல்லின் முதுகும் ஒரே நிறம். கைக்கு எது வருகிறதோ அதை எடுத்துப் பதித்தாள். முதல் வீடு ஒரு டீச்சரம்மாவுடையது. கூடத்தின் நடுவில் நான்கு கறுப்புக் கல் ஒட்டிக்கொண்டு விழுந்திருந்தது. சன்னலோரம் பார்த்தால் மருந்துக்குக்கூடக் கறுப்பு இல்லை.

டீச்சரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "என்னம்மா இது? கலக்கவே இல்லையே!"

"கலக்குனதாலதான் இப்படி விழுந்திருக்கு."

"கலந்திருந்தா இப்படிக் கும்பலா எப்படி வரும்?"

"நீங்க பொறுக்கி வெச்சாத்தான் கும்பல் வராம இருக்கும். கலந்தா வரத்தான் செய்யும்."

எங்கள் வீட்டுக்காரர் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "வாய் கொடுக்காத. எடுத்துப் பிரிச்சு வெச்சுடு."

பிடுங்கினாள். இந்தத் தடவை ஒரு கறுப்புக்குப் பக்கத்தில் இன்னொரு கறுப்பு வந்துவிடாமல் பார்த்துப் பார்த்து வைத்தாள். டீச்சரம்மாவுக்கு முகமெல்லாம் பல். "இப்பதான் கலந்த மாதிரி இருக்கு!"

வீட்டுக்கு வந்து அவள் பொரிந்து தள்ளிவிட்டாள். "கலந்து போட்டா கலக்கலையாம். ஒவ்வொண்ணா பொறுக்கி வெச்சா கலந்த மாதிரி இருக்காம். இந்த உலகத்துல வேலை செய்யறதை விடப் பொய் சொல்றது சுலபம் அண்ணி!"

எனக்கு அவள் சொன்னது சரியாகத்தான் பட்டது. காய்ந்த வாசலில் முதல் தூறல் விழும்போது நான் பார்த்திருக்கிறேன். இங்கே மூன்று சொட்டு ஒட்டி விழும், அங்கே ஒரு முழத்துக்கு ஒன்றுமே இருக்காது. எந்த மேகமும் அளந்து போடுவதில்லை. ஆனால் அவள் இதைச் சூப்பர்வைசர் காதிலும் போட்டு வைத்தாள். அங்கேதான் வினை. "கண்ணை மூடிக்கிட்டுப் போட்டா கும்பலாத்தான் விழும் சார், அது யாரு தப்பும் இல்ல" என்று அவரிடம் ஒரு பாட்டம் பாடினாள். அவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

வீடுகளில் ஆட்கள் குடிவந்தார்கள். ஒரு மழைக்காலம் போனது. டீச்சரம்மா கூடத்தில் ஒரு மத்தியானம் துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம். போய்ப் பார்த்தால் இரண்டு வரிசைக் கல் முதுகைத் தூக்கிக்கொண்டு கூடாரம் மாதிரி நிற்கிறது. அப்புறம் பக்கத்து வீடு. அதற்குப் பின்னால் முதுகை ஒட்டிய வீடு. ஒவ்வொன்றாக ஒன்பது வீட்டில் இருந்து புகார் வந்தது. ஒன்பதும் நாங்கள் போட்ட வரிசைகளில்தான். சுத்தியல் போட்ட வீடுகளில் இருந்து ஒரு புகாரும் இல்லை.

சூப்பர்வைசர் கோஷ்டி முழுவதையும் கூப்பிட்டு நிறுத்தினார். ஒரு காகிதத்தை நீட்டினார். தரையில் குறை எங்கள் வேலையால்தான், எங்கள் செலவில் திரும்பப் போட்டுக் கொடுக்கிறோம் என்று எழுதியிருந்தது.

"இதுல ஒரு கைநாட்டு வைம்மா. அடுத்த பிளாக் வேலையும் உங்களுக்கே தர்றேன். இல்லேன்னா கரணையைக் கழுவிட்டுக் கிளம்புங்க."

"குறை எங்களோடதுன்னு யாரு சொன்னா?"

"தரையே சொல்லுதே!"

"தரை சொல்றது எனக்கும் கேக்கும் சார். நான் கேட்டுட்டு வர்றேன்."

வெளியே வந்ததும் எங்கள் வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தினார். "வெச்சுடு. போட்டுக் கொடுத்துட்டா முடிஞ்சுபோச்சு. எத்தனை வீட்டு அடுப்பு இதுல எரியுது?"

"முடியாதுண்ணே. குறைன்னு கைநாட்டு வெச்சா அந்தக் கையோட கதை முடிஞ்சுது. ஒரு கம்பெனிக்காரன் அடுத்த கம்பெனிக்காரன்கிட்ட என்ன சொல்வான்? பொம்பளைங்க போட்ட தரை வெடிச்சுதுன்னு சொல்வான். அப்புறம் இவளுங்க எல்லாரும் திரும்பச் சட்டி தூக்கணும்."

கோஷ்டியில் இருந்த பெண்கள் ஒருத்தியும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

அவள் வீடு வீடாகப் போய்த் தரையைத் தட்டினாள். பிறகு விற்காமல் கிடந்த ஒரு வீட்டுக் கூடத்தில், மிச்சமிருந்த கல்லை எடுத்துக் கலவை இல்லாமல் சும்மா அடுக்கினாள். ஒரு கல் என்றால் ஒரு வீடு. நான்கு வரிசை, வரிசைக்கு எட்டு. நல்ல வீட்டுக்குச் சாம்பல், வெடித்த வீட்டுக்குக் கறுப்பு. எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் அதைப் படிக்க எழுத்து எதற்கு? எட்டுக் கறுப்பு ஒன்றை ஒன்று கட்டிப் பிடித்துக்கொண்டு, ஒரு மூலையில் இருந்து இன்னொரு பக்கமாகச் சரிந்துபோய்க்கொண்டிருந்தது. ஒன்பதாவது மட்டும் முதல் வரிசைக் கடைசியில் அநாதையாக நின்றது.

சூப்பர்வைசரைக் கையோடு அழைத்து வந்து காட்டினாள். "பாருங்க சார். எங்க கை சரியில்லைன்னா அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு வெடிக்கணும். இப்படிக் கும்பலா ஏன் வெடிக்குது? அடியில ஏதோ இருக்கு."

அவர் கீழே பார்த்தார். பிறகு சிரித்தார். "நீதானம்மா எனக்குப் பாடம் எடுத்த? கண்ணை மூடிக்கிட்டுப் போட்டா கும்பலாத்தான் விழும், அது யாரு தப்பும் இல்லைன்னு. இதுவும் அப்படி விழுந்ததுதான். அடியில பூதமா இருக்கு? காகிதம் மேசை மேல இருக்கு, வந்து வெச்சுட்டுப் போ."

அவளுடைய சொல்லாலேயே அவளை அடித்துவிட்டார். தூரத்தில் கதவை உதைக்கிற சத்தம் கேட்டது. அன்றைக்கு யாரும் டீக்குப் போகவில்லை.

சாயங்காலம் வீட்டில் தட்டின் முன்னால் உட்கார்ந்தவள் சோற்றைத் தொடவில்லை. "நான் சொன்னதும் நிஜம் அண்ணி. அவர் சொன்னதும் நிஜம். அப்ப எது பொய்?" என்று கேட்டாள். சோறு ஆறுகிறது என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த பிளாக்குக்கு நிலம் அளக்க ஓர் அளவுக்காரர் வந்திருந்தார். மூன்று கால் கருவியோடு திரிகிற மெல்லிய மனிதர். வெயிலுக்கு ஒதுங்கி அந்தக் காலி வீட்டுக்குள் வந்தவர், அடுக்கி வைத்த கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தார். என்ன என்று கேட்டார். அவள் கோபத்தோடே எல்லாவற்றையும் கொட்டினாள்.

"ரெண்டு பேரும் சொன்னது சரிதான்" என்றார் அவர்.

"அதான் எனக்குத் தெரியுமே. தெரியாததைச் சொல்லுங்க."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நிலத்துல பக்கத்துல பக்கத்துல இருக்கிறது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்மா. ஒரு இடம் சேறுன்னா பக்கத்து இடமும் சேறு. ஆனா ஒரு காரணமும் இல்லாமலும் கும்பல் சேரும், நீங்க சொன்ன மாதிரி. அதனால கும்பல் இருக்கா இல்லையான்னு கேக்கக் கூடாது. சும்மா விழுந்தா எவ்வளவு கும்பல் சேரும், இங்க எவ்வளவு சேர்ந்திருக்குன்னு கேக்கணும்."

"சும்மா விழுந்தா எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்?"

"எங்களுக்கு அதுக்குக் கணக்கு உண்டு. உங்ககிட்ட கல்லே இருக்கே."

அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "அண்ணி, தீப்பெட்டி கொண்டாங்க."

எங்கெல்லாம் ஒரு கறுப்பின் பக்கம் இன்னொரு கறுப்பின் பக்கத்தைத் தொடுகிறதோ, அந்த இடுக்கில் ஒரு தீக்குச்சி வைத்தாள். மூலையோடு மூலை தொட்டால் கணக்கில்லை. நிஜமாக வெடித்த வீடுகளின் அடுக்கில் ஒன்பது குச்சி வந்தது. அப்புறம் அந்த அடுக்கைக் கலைக்காமல் விட்டுவிட்டு, பக்கத்தில் அதே கணக்கில் வேறு சாம்பலும் கறுப்பும் எடுத்துக் கவிழ்த்துப் போட்டு, கலைத்து, கைக்கு வந்தபடி அதே நான்கு வரிசையாக அடுக்கினாள். திருப்பிப் பார்த்தாள். மூன்று குச்சி. திரும்பக் கலைத்தாள். நான்கு. திரும்ப மூன்று.

அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரமெல்லாம் இதுதான் வேலை. கோஷ்டியில் ஒவ்வொருத்தியும் கலைத்தாள். எத்தனை குச்சி வரும் என்று பந்தயம், தோற்றவள் டீ வாங்க வேண்டும். எங்கள் வீட்டுக்காரர்தான் அதிகம் வாங்கினார். பெரும்பாலும் மூன்று, நான்கு. சில சமயம் ஐந்து. இரண்டும் வந்தது. ஒரு தடவை ஏழு வந்துவிட்டது.

"பார்த்தியா, ஏழு! அடுத்து ஒன்பது வந்துட்டா?" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"வரட்டும். வந்தா கைநாட்டு வெச்சுட்டுப் போறேன். கலைங்கண்ணே."

தன் கழுத்தையே பந்தயத்தில் வைத்த மாதிரிதான். கை ஓயும்வரை கலைத்தோம். ஒன்பது வரவே இல்லை.

அளவுக்காரர் வந்தபோது சூப்பர்வைசரையும் கூட்டி வந்து நிற்க வைத்தாள். அவர் முன்னாலேயே கலைத்துக் காட்டினாள். சூப்பர்வைசர் தானும் உட்கார்ந்து கலைத்தார். நான்கு குச்சி. இன்னொரு தடவை கலைத்தார். மூன்று.

"சும்மா விழுந்தா இவ்வளவுதான் சார் சேரும்" என்றாள். "இது சும்மா விழுந்ததில்ல."

"சரி, சும்மா விழுந்ததில்ல" என்றார் சூப்பர்வைசர் எழுந்துகொண்டே. "உங்க கலவைதான் ஒரு லோடு கெட்டிருக்கு. அதான் கும்பலா வெடிச்சிருக்கு. காகிதத்துல அப்படியே எழுதிடலாம்."

அளவுக்காரர் தலையைச் சொறிந்தார். "அவர் சொல்றதும் நடக்கலாம்மா. இது சும்மா இல்லைன்னு மட்டும்தான் குச்சி சொல்லும். யாருன்னு சொல்லாது."

இவ்வளவு பாடுபட்டுக் கடைசியில் சுற்றி வளைத்து நம் தலையிலேயே கட்டுகிறார்களே என்று நினைத்தேன். ஆனால் நாத்தனார் அசையவில்லை. வெடித்த வீடுகளைக் காட்டிய முதல் அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விரலால் ஒரு வரிசையை நீளமாகத் தடவினாள்.

"சார், நாங்க வேலை பார்த்தது இப்படி. வாசல் கேட்டுல ஆரம்பிச்சு, ஒரு வரிசையை முடிச்சுட்டுத்தான் அடுத்த வரிசை. கலவை கெட்டிருந்தா வரிசையோட போகணும். இது வரிசையைக் குறுக்க வெட்டிக்கிட்டுப் போகுது. நாலு வரிசையிலயும் இருக்கு. நாலாவது வரிசை போடும்போது முதல் வரிசை போட்டு எத்தனை மாசம் ஆச்சு? அந்தக் கெட்ட லோடை நான் சேலைத் தலைப்புல முடிஞ்சு வெச்சிருந்தேனா?"

அளவுக்காரர் சிரித்துவிட்டார்.

"இது நாலாவது வரிசையோட நிக்காது" என்றாள். "சுவரைப் பார்த்து நிக்கிற ஜாதி இல்ல இது. சுத்தியல் போட்ட வீட்டுக்குள்ளயும் போயிருக்கணும்."

"அங்க இருந்து புகாரே இல்லையே?" என்றார் சூப்பர்வைசர்.

"புகார்தான் இல்ல."

நேராகப் பின் வரிசைக்கு நடந்தாள். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே ஓடினோம். ஐந்தாவது வரிசையில் எந்த வீடு என்று வாசலில் நின்று கண்ணால் கோடு பிடித்தாள். உள்ளே போய்க் குனிந்தாள். தரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கூடத்தின் நடுவில் மட்டும் கல் இடுக்குகளில் பூசிய வெள்ளைச் சிமெண்ட் பால் மாதிரி பளிச்சென்று இருந்தது. சுற்றி இருந்த இடுக்கெல்லாம் அழுக்கேறிப் பழுத்திருந்தது. பக்கத்து வீட்டிலும் அப்படி. பின்வீடுகள் இரண்டிலும் அப்படி.

சுத்தியலைக் கூப்பிட்டு விட்டார்கள். வந்தவன் தரையையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை.

"ஏன்டா தம்பி, எப்ப பிடுங்கிப் போட்ட?" என்றாள் நாத்தனார்.

"எதை?"

"இங்க ஒரு வாலிபக் கல்லு கிழவங்களுக்கு நடுவுல உக்காந்திருக்கே, அதை."

அவன் சுத்தியல் கைப்பிடியைத் திருகினான். பிறகு தணிந்த குரலில் சொன்னான். "வெடிச்சுது அக்கா. நாலு வீடு. லீவு நாள்ல வந்து யாருக்கும் தெரியாம மாத்திப் போட்டேன். தெரிஞ்சா என் தலையில கட்டுவாங்கன்னு பயம்."

"உன் தலையில கட்டலை. என் தலையில கட்டினாங்க."

"தெரியும்" என்றான். அவனைத் திட்டுவாள் என்று நினைத்தேன். "வா, நூல் பிடி" என்று மட்டும் சொன்னாள்.

அளவுக்காரர் கருவியை நட்டார். முதல் வரிசையில் டீச்சரம்மா வீட்டில் ஆரம்பித்து, வெடித்த வீடுகளின் கூரைக்கு மேலாக நூலை ஓட்டிக்கொண்டே வந்தார்கள். கடைசி வரிசையையும் தாண்டிற்று. நூலின் நுனி சுத்தியல் கையில். அவன் நூலைப் பார்த்தபடியே பின்னோக்கி நகர்ந்து போய், முதுகு ஒரு கதவில் இடித்து நின்றான்.

சூப்பர்வைசரின் கதவு.

நாத்தனார் தன் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அறை நடுவில் வைத்தாள். குமிழி ஒரே ஓட்டமாக ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

"இங்க டைல்ஸே கிடையாது சார், சிமெண்டுத் தரை" என்றாள். "எங்க கையும் படலை, எங்க கலவையும் படலை. இத்தனை நாளா எதை உதைச்சுக்கிட்டு இருந்தீங்க?"

பீரோவை நகர்த்தினார்கள். அதற்கடியில் தரை கை நுழைகிற அளவுக்கு விரிந்திருந்தது.

கம்பெனியில் இருந்து ஆள் வந்து அங்கேயே தோண்டினார்கள். ஓர் ஆள் ஆழத்துக்குக்கூடப் போகவில்லை, கறுப்புச் சேறு வந்துவிட்டது. மட்கிய மரக்கட்டை, சாக்கு, உடைந்த பீங்கான். வீடு கட்டுவதற்கு முன்னால் அங்கே ஓர் ஓடை சாய்வாக ஓடியிருக்கிறது. குப்பையைக் கொட்டி மூடிவிட்டு மேலே மண்ணைப் பரப்பி அதன்மேல் வரிசை வரிசையாக வீடு கட்டிவிட்டார்கள். மேலே சுவர் வந்துவிட்டது என்று ஓடைக்கு யார் சொல்வது?

சூப்பர்வைசர் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "விடும்மா. மறந்துடு."

"எப்படி மறக்கிறது? ஒன்பதாவது வீடு பாக்கி இருக்கே."

முதல் வரிசைக் கடைசியில் அநாதையாக நின்ற அந்தக் கறுப்புக் கல்லை எல்லோரும் மறந்துவிட்டோம். கோட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வேண்டாம் என்று நான் ஜாடை காட்டினேன். அவள் பார்க்காத மாதிரி போனாள். அந்த வீட்டுக்கு எல்லோரையும் அழைத்துப் போய்த் தானே ஒரு கல்லை நெம்பி எடுத்தாள். அடியில் கலவை பரப்பியிருக்கவில்லை. நான்கு மூலையில் நான்கு உருண்டை, நடுவில் ஒன்று. அவசரக்காரன் வேலை. மேலே கனம் ஏறினால் உடையாமல் என்ன செய்யும்?

கோஷ்டி முழுவதும் எங்கள் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தது.

"அன்னைக்கு முதுகு பிடிச்சுக்கிட்டிருந்துச்சு" என்றார் அவர்.

"முதுகுல பிடிச்சா கை ஏண்ணே உருண்டை பிடிக்குது?" என்றாள். பிறகு சூப்பர்வைசர் பக்கம் திரும்பினாள். "இது எங்க தப்பு. இந்த ஒரு வீட்டுக்கு எழுதிக் கொண்டாங்க. இதுக்குக் கைநாட்டு வைக்கிறேன். மத்ததுக்கு இந்த ஜென்மத்துல வைக்க மாட்டேன்."

எழுதிக் கொண்டு வந்தார்கள். இரண்டு தடவை சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். ஒரு வீடு, ஒரே வீடு என்று உறுதியான பிறகுதான் விரலை மையில் வைத்தாள். அந்தத் தரையை எங்கள் வீட்டுக்காரரே பிடுங்கித் திரும்பப் போட்டார். அவள் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு கல்லுக்குக் கல் தட்டிப் பார்த்தாள். அன்றைக்கு அவர் எனக்குக் கீழேயும் இல்லை, அவளுக்குக் கீழேயும் இல்லை, தரைக்கே கீழே இருந்தார்.

ஓடையைத் தோண்டி எடுத்து, கல்லும் மணலுமாகக் கெட்டித்து மூடினார்கள். அடுத்த பிளாக் வேலை எங்களுக்குத்தான் என்றார்கள். மண்ணைக் கெட்டித்ததைத் தான் பார்க்காமல் ஒரு கல்லும் இறக்க முடியாது என்று சொல்லிவிட்டாள். தரை போடுகிறவளுக்கு மண்ணில் என்ன வேலை என்று கம்பெனியில் முறைத்தார்கள். அவளும் முறைத்தாள். கடைசியில் மண்ணைக் காட்டினார்கள். இப்போது சூப்பர்வைசரின் கதவு விரலால் தள்ளினாலே மூடும். பழக்க தோஷம், அவர் இன்னும் உதைக்கிறார். அடிக்கிற சத்தத்தில் சுவரே அதிர்கிறது.

டீச்சரம்மா வீட்டுக் கூடத்தையும் புதிதாகப் போட வேண்டியிருந்தது. வேலை ஆரம்பிப்பதற்கு முன்னால் அவர் வந்து மெதுவாகச் சொன்னார். "போன தடவை மாதிரியே கலந்து போட்டுடுங்கம்மா. ரொம்ப நல்லா இருந்துச்சு."

"போன தடவை நான் கலக்கலை டீச்சரம்மா. உங்களுக்காகப் பொறுக்கி வெச்சேன். இந்தத் தடவை நிஜமா கலக்கப் போறேன். நாலு சேர்ந்து விழுந்தா நாலு சேர்ந்துதான் கிடக்கும். வேண்டாம்னா வேற ஆளைப் பார்த்துக்குங்க."

டீச்சரம்மா வேறு ஆளைப் பார்க்கவில்லை. நாத்தனார் கல்லைக் கவிழ்த்துக் கலைத்தாள், கைக்கு வந்ததை எடுத்துப் பதித்துக்கொண்டே போனாள். ஐந்து கறுப்பு ஒட்டிக்கொண்டு விழுந்தது, அதுவும் வாசல்படிக்கு நேராக, உள்ளே வருகிறவர்கள் முதல் அடி வைக்கிற இடத்தில். எங்கள் வீட்டுக்காரர் அதைப் பார்த்தார், டீச்சரம்மாவைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். அவள் ஐந்தையும் முட்டியால் தட்டினாள். ஒன்றும் பொக் இல்லை. "அடுத்த கல்லை எடுங்கண்ணே" என்றாள்.